அணையாத விளக்கு

1982 போர்ஷே 911 எஸ்சி, அமெரிக்க மாடல். ஸ்பீடாமீட்டருக்குள் 'ஓஎக்ஸ்எஸ்' என்று ஒரு விளக்கு எரிந்து உயிரை வாங்குகிறது. பல்பைப் பிடுங்கிவிடட்டுமா?
– வாசகர், சான் ஓசே

30,000 மைல் ஆகிவிட்டதா? பாவம், அந்த விளக்குக்கு மைல் எண்ண மட்டும்தான் தெரியும். அது நினைவூட்ட வேண்டிய ஆக்ஸிஜன் சென்சார் (அதுதான் 'ஓஎக்ஸ்எஸ்') நேற்றே செத்திருந்தாலும் தவணை வரும்வரை வாயைத் திறக்காது; இன்று காலை புதிது போட்டிருந்தாலும் தவணை வந்தால் சும்மா இருக்காது. (அரசாங்க நோட்டீஸ் எழுதுகிறவர்தான் வடிவமைத்தாரோ என்னவோ!) சென்சாரை மாற்றுங்கள். ஸ்பீடாமீட்டரைக் கழற்றினால் பின்னால் சின்னப் பெட்டி, அதில் வெள்ளைப் பொத்தான். அமுக்கினால் அடுத்த 30,000 மைலுக்கு நிம்மதி.

பிரேக் விளக்கும் எரிகிறதே, அதற்கும் பொத்தான் உண்டா?

உண்டு. வலது காலடியில். அமுக்கினால் கார் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்! ஹேண்ட் பிரேக்கை விடுவித்த பிறகும் எரிந்தால், வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் ஒருமுறை எரிய வேண்டும். எரியவில்லையா? விற்கிறவர் உங்களுக்கு முன்பே பல்பைப் பிடுங்கியிருக்கலாம். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.