சட்டப்படி செல்லும் ஓட்டு

ஊரப்பாக்கத்தில் ஈழ வாக்கெடுப்பு எப்போதோ முடிந்துவிட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஐ.நா. பார்வையாளர் இல்லாமலே ஏகமனதான முடிவு கிடைக்கும். "பிரிச்சுக் குடுத்துடணும் சார், அவங்க மண்ணு அது." சட்டப்படி செல்லுமா? "ஜனங்க ஓட்டுக்கு மேல என்ன சார் சட்டம்?" அதே வாயிடம் காஷ்மீர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். டீ ஆறுவதற்குள் நீங்கள் தேசத்துரோகி.

இலங்கையின் 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனி ஈழம் என்று சொல்லியே 18 இடங்களை வென்றது. 1983 ஆகஸ்டில் இலங்கை ஆறாவது திருத்தம் கொண்டுவந்தது. தனிநாடு கேட்டால் உரிமையும் போகும், சொத்தும் போகும். அக்கிரமம்தான். ஆனால் அந்த வித்தையில் நாம் அவர்களுக்கு இருபது வருஷம் மூத்தவர்கள். 1963-ல் நம் பதினாறாவது திருத்தம் வந்ததும் திராவிட நாடு மூட்டை கட்டப்பட்டது. அவர்கள் வாயை அடைத்தால் இனவெறி, நாம் அடைத்தால் ஒருமைப்பாடு. வாக்கெடுப்பே நமக்கு ஆகாது என்றும் சொல்ல முடியாது. 1948-ல் ஜூனாகத்தில் நடத்தினோமே! பாகிஸ்தானுக்கு விழுந்தது 91 ஓட்டு. முடிவு முன்கூட்டியே தெரிந்துவிட்டால் நம்மைப் போல ஜனநாயகப் பித்தர்கள் உண்டா?

2013 மார்ச் 27 அன்று தமிழகச் சட்டசபை தீர்மானம் போட்டது. ஈழத்துக்கு வாக்கெடுப்பு வேண்டும். இலங்கையில் உள்ள தமிழர்களோடு புலம்பெயர்ந்தவர்களும் அதில் ஓட்டுப் போட வேண்டும். கேட்டதில் தப்பே இல்லை. கேட்ட வாயைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. தீர்மானம் கொண்டுவந்த முதல்வர் ஜெயலலிதா, 2009 ஜனவரியில் போர் என்றால் பொதுமக்கள் சாவது சகஜம் என்றவர். அதே வருஷம் ஏப்ரலில் கருணாநிதி சில மணி நேரம் உண்ணாவிரதம் இருந்து, போர் நின்றுவிட்டதாகச் சொல்லி எழுந்து போனார். முள்ளிவாய்க்காலில் இருந்தவர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

புலம்பெயர்ந்தவர்களைத் தேடி ஓட்டுப்பெட்டி கனடா வரை போக வேண்டாம். ஊரப்பாக்கத்தில் லோக்கல் டிரெயின் ஏறினால் செங்கல்பட்டு. அங்கே பல வருஷம் 'சிறப்பு முகாம்' நடந்தது. கோர்ட்டில் ஜாமீன் வாங்கி வெளியே வந்த ஈழத்தமிழரைக்கூட வெளிநாட்டினர் சட்டத்தைக் காட்டி மறுபடி உள்ளே தள்ளிய இடம். விசாரணையும் இல்லை, விடுதலைத் தேதியும் இல்லை. பட்டினி கிடந்து பார்த்தார்கள். அவர்கள் பட்டினிக்கு டி.வி. நேரலை கிடையாது. எந்தக் கட்சி ஆண்டாலும் பூட்டு ஒன்றுதான். மற்ற முகாம்களில் இங்கேயே பிறந்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்கள் பலருக்கு ஊராட்சி வார்டு மெம்பரைத் தேர்ந்தெடுக்கக்கூட ஓட்டு இல்லை. இவர்களைத்தான் ஒரு நாட்டின் தலையெழுத்தை எழுத நாம் கூப்பிட்டோம்.

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என மூன்று நாட்டு அகதிகளுக்கு அதில் இடம் இருந்தது, இலங்கைத் தமிழருக்கு இல்லை. ஈழத்துக்கு வாக்கெடுப்பு கேட்டுத் தீர்மானம் போட்ட அதே அ.தி.மு.க.வின் எம்.பி.க்கள் மசோதாவை ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். அந்த ஓட்டு மட்டும் சட்டப்படி செல்லும். உடனே எண்ணினார்கள், உடனே முடிவும் சொன்னார்கள்.