இவருக்குப் பதில் இவர்: ஆள்மாற்றவியல் குறித்து ஓர் ஆய்வு

பாம்பு பெண்ணாகிறது, பெண் பழிவாங்கி முடித்ததும் மறுபடி பாம்பாகிறாள். நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாகச் சங்கிலி சுற்றிய சவப்பெட்டியில் கிடந்தவன் எழுந்து, நல்ல கோட்டாக மாட்டிக்கொண்டு, இங்கிலாந்திலிருந்து வந்த தூரத்துச் சொந்தம் என்று சொல்லி வீட்டுக்குள் நுழைகிறான். இதற்கெல்லாம் மூச்சு விடாமல் தலையாட்டும் ரசிகப் பெருமக்கள், மூத்த அக்காவாக நடித்தவர் விலகினார் என்றதும் கொதித்தெழுகிறார்கள். பாம்பை நம்பியவருக்குப் புதிய நடிகையை நம்புவதில் என்ன கஷ்டம்? இந்தக் கேள்வியை அறிஞர் உலகம் தீண்டவே இல்லை. ரசிகர்கள் தங்களுக்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்து தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். முகம்தான் பாத்திரம், முகம் போனால் எல்லாம் போச்சு என்பது முகக்கட்சி. பெயரும் குணமும் அப்படியே இருந்தால் யார் நடித்தால் என்ன என்பது குணக்கட்சி. இரண்டு கட்சியும் பிழை என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். ரசிகரைக் கோபப்படுத்துவது முக மாற்றமும் அல்ல, குண மாற்றமும் அல்ல. ஒரு தொடர் தன் மாய உலகத்துக்குத் தானே எழுதிக்கொண்ட சட்டத்தை, நடிகரின் ஒப்பந்தத்துக்காகத் தானே மீறுவதுதான்.

இதற்கு முதற்சான்று, அமெரிக்காவில் 1998 முதல் 2006 வரை எட்டு சீசன் ஓடிய 'சார்ம்ட்'. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பழைய வீட்டில் மூன்று சகோதரிகள். மூவரும் சூனியக்காரிகள், ஆனால் நல்லவர்கள். மூவரும் சேர்ந்தால்தான் பெரிய அசுரர்களை ஒழிக்க முடியும் என்பது அந்த உலகத்தின் அடிப்படைச் சட்டம். மூன்றாவது சீசன் முடிவில் மூத்தவள் புரூவாக நடித்த ஷானன் டோஹர்ட்டி விலகினார். புரூ செத்துப்போகும் அந்த எபிசோடை இயக்கியவரும் அவரே. தன் பாத்திரத்தின் இறுதிக் கணக்கைத் தானே முடித்துக் கொடுத்துவிட்டுப் போன நேர்த்தி பாராட்டத்தக்கது. இப்போது தயாரிப்பாளர்களுக்குச் சிக்கல். சட்டப்படி மூன்று பேர் வேண்டும், இருப்பதோ இரண்டு. புரூவாகவே வேறொரு நடிகையைக் கொண்டுவந்திருக்கலாம். அவர்கள் அதைச் செய்யவில்லை. 2001 அக்டோபரில் ரோஸ் மெக்கவன் நடித்த பெய்ஜ் என்ற புதுத் தங்கை வந்தாள். அம்மாவுக்கும் அவளைக் காக்க வந்த தேவ ஊழியனுக்கும் பிறந்து, குழந்தையாகவே ஒரு கன்னியாஸ்திரீயிடம் ஒப்படைக்கப்பட்டவளாம். நம்மூர் சீரியலில் இந்த மாதிரித் திடீர்த் தங்கை பெரும்பாலும் அப்பா வழியில் வருவாள். அங்கே அம்மா வழியில் வந்தாள், வேறுபாடு அவ்வளவுதான். முகக்கட்சி சொல்வது உண்மையானால் தொடர் அன்றே படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. புரூவோடு ஓடியது மூன்று சீசன், பெய்ஜோடு ஓடியது ஐந்து. மூன்றுக்கு மூன்று கணக்கு சரியாக இருந்தது, சட்டம் காப்பாற்றப்பட்டது, முணுமுணுப்போடு சபை ஏற்றுக்கொண்டது.

ஆனால் அதே தொடரில் ரசிகர்கள் மன்னிக்காத விஷயம் ஒன்று உண்டு. இந்த ஆய்வின் உயிர்நாடியே அதுதான். அந்த வீட்டில் செத்தவர்கள் வந்து போவது சர்வசாதாரணம். செத்துப்போன பாட்டியை மெழுகுவத்தி ஏற்றி மந்திரம் சொல்லிக் கூப்பிட்டால் வருவாள்; வந்து பேத்திகளை அதட்டிவிட்டும் போவாள். நடுப்பெண்ணின் கல்யாணத்தை நடத்தி வைத்ததே அந்தப் பாட்டியின் ஆவிதான். செத்த அம்மாவும் அந்தக் கல்யாணத்துக்கு வந்து நின்றாள். புரூ மட்டும் செத்த பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. ஆரம்பத்தில் காலம் கனியவில்லை என்கிற பாணியில் ஒரு சமாதானம் சொன்னார்கள். சரி, புதிதாகச் செத்தவள், கொஞ்ச நாள் போகட்டும் என்று ரசிகரும் பொறுத்தார்கள். தங்கைகளுக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தது, உலகமே பலமுறை அழியப் பார்த்துத் தப்பியது, அக்கா வரவில்லை. பாட்டிக்கும் அம்மாவுக்கும் கால்ஷீட் இருந்தது, அக்காவுக்கு இல்லை. பரலோகத்தின் கதவை எமனும் சித்திரகுப்தனும் காப்பதாக நினைத்திருந்தோம். தயாரிப்பு நிறுவனத்தின் வக்கீல்தான் காக்கிறார் என்று அன்றைக்குத் தெரிந்தது. ரசிகரின் குற்றச்சாட்டு நடிகை போனதைப் பற்றியதல்ல. ஆவி வரும் என்று சட்டம் போட்டுவிட்டு, வராத ஆவிக்குக் காரணம் சொல்லாமல் விட்டதைப் பற்றியது.

இங்கே பரபக்கத்தார் எழுந்து 'பிவிட்ச்டு' தொடரைக் காட்டுவார்கள். 1964 முதல் 1972 வரை ஓடிய நகைச்சுவைத் தொடர். சூனியக்காரி மனைவி, சாதாரண மனிதக் கணவன். கணவன் டாரினாக நடித்த டிக் யார்க் முதுகு வலி தாளாமல் 1969இல் விலக, டிக் சார்ஜன்ட் வந்தார். ஒரு விளக்கம் கிடையாது, அறிவிப்பு கிடையாது. மனைவி வழக்கம்போல முத்தம் கொடுத்து ஆபீசுக்கு அனுப்பினாள். தொடரும் இன்னும் மூன்று சீசன் ஓடியது. சட்டம், காரணம் என்று நீர் கட்டிய கோட்டை இடிந்ததா இல்லையா என்று கேட்பார்கள். இடியவில்லை. அந்த வீட்டின் சட்டத்தைப் பார்க்க வேண்டும். மாமியார் எண்டோராவுக்கு மருமகனைக் கண்டாலே ஆகாது. கோபம் வந்தால் அவனை மிருகமாகவோ வேறு எதுவாகவோ மாற்றிவிடுவாள். எந்த உருவத்தில் இருந்தாலும் அவன் டாரின்தான் என்று மனைவியும் பார்வையாளரும் ஐந்து வருடமாகப் பழகியிருந்தார்கள். போதாததற்கு அந்த மாமியார் மருமகனின் பெயரையே சரியாகச் சொல்லாதவள். பெயர் நினைவில் நிற்காதவளுக்கு முகம் மாறியது எங்கே தெரியப்போகிறது? புதிய டாரின் அந்த உலகத்தின் சட்டத்துக்கு உட்பட்டே வந்தார் என்பது இதனால் பெறப்படும். காரணத்தை வெளியே சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, மாமியார் இருக்கிறாள்.

முகம் அப்படியே இருக்க ஆள் மாறும் இடங்களையும் பார்த்துவிடலாம். சவப்பெட்டிக்காரர் பார்னபஸ் வரும் 'டார்க் ஷேடோஸ்' தொடரில் கதை திடீரென்று 1795க்குப் போகும். அங்கே பழைய நடிகர்களே தங்கள் மூதாதையராக உலவுவார்கள். காலம் தாண்டிப் போன ஆசிரியைப் பெண் விக்டோரியாவைச் சூனியக்காரி என்று பிடித்துத் தூக்குத் தண்டனையும் கொடுத்துவிட்டார்கள். 2015இல் இந்தியில் தொடங்கி, தமிழில் 'நாகினி'யாகப் பேசிய தொடரில், முதல் சீசனின் சிவன்யாவாக வந்த மௌனி ராய் இரண்டாவது சீசனில் சிவன்யாவின் மகளாக வந்தார். அம்மா முகம் மகளுக்கு வருவது ஊரறிந்த உண்மை என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதற்கு முன்பே, இன்னொரு நாகினியான சேஷா சிவன்யாவின் உருவத்தை எடுத்துக்கொண்டு வந்தபோது, முகத்தை நம்பாமல் பார்வையையும் நடையையும் வைத்து உள்ளே இருப்பது யார் என்று கண்டுபிடிக்கப் பழகியிருந்தார்கள் நம் பார்வையாளர்கள். தமிழில் அந்த நாகினிக்கு இருந்த குரலும் மௌனி ராயுடையது அல்ல. முகமே பாத்திரம் என்ற கட்சி இவ்வளவில் முடிந்தது.

குணக்கட்சிக்கான பதில் பெரிய புராணத்தில் இருக்கிறது. கயிலையிலிருந்து வந்த யோகியார், சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்து கிடப்பதையும் பசுக்கள் சுற்றி நின்று கதறுவதையும் கண்டு, அவன் உடம்புக்குள் புகுந்தார். பசுக்கள் முகர்ந்து பார்த்து மகிழ்ந்து மேய்ச்சலுக்குப் போயின, அவை முகக்கட்சி. பொழுது சாய்ந்தும் வீடு வராதவனைத் தேடிவந்த மூலனின் மனைவி அவனைத் தொட வந்தாள். உனக்கும் எனக்கும் ஓர் உறவும் இல்லை என்றார் அவர். அதே முகம், அதே உடம்பு, கதை மட்டும் வேறு கைக்குப் போய்விட்டது. நடிகர் மாறாமல் கதாசிரியர் மாறினால் ரசிகர் படும் பாட்டை இதைவிட யாரும் எடுத்துக்காட்டியதில்லை. அவள் ஊராரிடம் முறையிட்டாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் யோகத்தில் நிற்பவர், பழைய வாழ்க்கைக்குத் திரும்ப மாட்டார் என்று விளங்கச் சொன்னார்கள். அவள் துயரத்தோடுதான் போனாள், ஆனாலும் போனாள். குணம் அடியோடு மாறியும் வழக்கு ஓர் இரவில் முடிந்ததற்குக் காரணம், அந்த உலகத்தின் சட்டப்படி ஒரு விளக்கம் அவளுக்குச் சொல்லப்பட்டதுதான். மறுநாள் யோகியார் தம் பழைய உடலைத் தேடிப்போனார், அது கிடைக்கவில்லை. பழைய நடிகர் திரும்பி வரும் வழியும் அத்தோடு அடைபட்டது.

எஞ்சியிருப்பது ஒரே ஓர் ஆட்சேபம், வலுவானதும் அதுதான். தமிழ் சீரியல்களில் காரணம் எதுவும் சொல்லாமலே ஆள்மாற்றம் தினமும் நடக்கிறதே என்பார்கள். உண்மைதான். கதவு திறக்கும். முதலில் கொலுசுக் கால் மட்டும் தெரியும். பிறகு சேலைத் தலைப்பு. மெதுவாக முகம் திரும்பும். பின்னணியில் தபேலா உருளும். படம் அப்படியே உறைந்து நிற்க, கீழே எழுத்து வரும்: இனி இவருக்குப் பதில் இவர். உறைந்த படம் உயிர் பெற்றதும் மாமியார், "வாம்மா, காப்பி போடட்டுமா?" என்பார். எல்லாம் முடிந்தது. இந்த அட்டை கதைக்கு வெளியே நின்று, அலுவலக அறிவிப்புப் பலகை போல, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறது. குடும்ப சீரியலுக்கு அது போதும். முகம் மாறுவதற்கு அந்த உலகத்தில் வேறு வழியே இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அமானுஷ்யத் தொடரில்தான் அதே அட்டை கேலிக்கூத்தாகிறது. சாபம் இருக்கிறது, மறுபிறவி இருக்கிறது, தோலுரிக்கும் நாகம் இருக்கிறது. இத்தனை வசதியை வைத்துக்கொண்டு அட்டை போடுவதைச் சோம்பல் என்றுதான் சொல்ல வேண்டும். பேயோட்ட வருகிற சாமியார் வாசலில் கால் வைத்ததுமே, இந்த வீட்டில் ஓர் உடம்பில் வேறொரு உயிர் இருக்கிறது என்று உறுமுகிறார். ஒவ்வொருவர் கண்ணாக உற்றுப் பார்க்கிறார். நேற்றுவரை வேறு முகத்தோடு இருந்த மருமகளிடம் மட்டும் திருநீறு கொடுத்து, "நல்லா இருக்கியாம்மா?" என்று கடந்து போகிறார். அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அடுத்த வாரம் அவருக்குப் பதில் யார் என்ற பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கலாம்.