நடுநிலைச் சேட்டன்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஒருவர் எந்தக் கட்சி என்று தெரிந்துகொள்ள அவரிடம் கேட்கவே வேண்டாம். காலையில் அவர் வீட்டு வாசலில் எந்தப் பத்திரிகை விழுகிறது என்று பார்த்தால் போதும். 'தேசாபிமானி' என்றால் மார்க்சிஸ்ட், 'ஜனயுகம்' என்றால் இந்திய கம்யூனிஸ்ட், 'சந்திரிகா' என்றால் முஸ்லிம் லீக், 'வீக்ஷணம்' என்றால் காங்கிரஸ், 'ஜன்மபூமி' என்றால் பாரதிய ஜனதா. பஜார் ரோட்டில் மூட்டை இறக்குகிறவர் எந்த யூனியன் என்பதை அவர் சட்டை நிறமே சொல்லிவிடும். தேர்தல் தேதி வருவதற்கு முன்பே மதில்களில் வெள்ளையடித்து, இன்ன கட்சிக்கு 'புக்டு' என்று எழுதி இடம் பிடித்துவிடுவார்கள். உலகக் கோப்பை வந்தால் அர்ஜென்டினாவா பிரேசிலா என்பதைக்கூட மொட்டை மாடியில் கொடி கட்டி ஊருக்கு அறிவிப்பார்கள். 2022இல் இதே எர்ணாகுளம் மாவட்டத்தில் 17 ரசிகர்கள் சேர்ந்து, ஆட்டம் பார்ப்பதற்கென்றே 23 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீட்டை வாங்கி, அபிமான அணிகளின் நிறங்களால் அதை அலங்கரித்தார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் 'எனக்கு ஒரு கட்சியும் இல்லை' என்று சொல்லிக்கொண்டு ஒருவர் திரிகிறார்.

ஒருவர் என்றால் ஒருவர் அல்ல, தெருவுக்கு ஒருவர். அவர் இந்துவாக இருப்பார், முஸ்லிமாக இருப்பார், லத்தீன் கத்தோலிக்கராக இருப்பார். வீட்டில் கொங்கணியோ குஜராத்தியோ தமிழோ பேசுபவராகவும் இருப்பார். வசதிக்காக நடுநிலைச் சேட்டன் என்று வைத்துக்கொள்வோம். தொழில் மிளகு, சுக்கு, ஏலக்காய்த் தரகு. வயது அறுபதை நெருங்குகிறது. சட்டைப் பையில் பேனா, கையில் ஃபோன், முகத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரு சிரிப்பு.

போடிநாயக்கனூரிலிருந்து ஏலக்காய் விஷயமாக வந்து போகும் வியாபாரி ஒருவர் ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏன் சேட்டா, நீங்க எந்தக் கட்சி?"

"எனிக்கொரு பார்ட்டியும் இல்ல, அண்ணாச்சி."

"அப்ப ஓட்டு?"

"ஓட்டு ஆளப் பாத்துத்தான்."

"போன தடவை யாருக்குப் போட்டீங்க?"

"போன தடவ அந்தச் சின்னத்துல நல்ல ஆளு நின்னாரு."

"அதுக்கு முந்தின தடவை?"

"அப்பவும் அதே சின்னத்துலதான் நல்ல ஆளு நின்னாரு. அது என் குத்தமா அண்ணாச்சி?"

கடைத்தெருவில் இவ்வளவுதான் சேட்டனின் அரசியல். மீதியெல்லாம் ஃபோனுக்குள் இருக்கிறது. ஃபேஸ்புக்கில் அவருக்குச் சொந்தப் பெயரில் ஒரு கணக்கு உண்டு. அதில் பேரனின் பிறந்தநாள், குருவாயூர் யானை, மம்மூட்டியின் வயது பற்றிய வியப்பு ஆகியவை மட்டும் வரும். இன்னொரு கணக்கு 'கொச்சிக்காரன் 1968'. தன்னை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று பெயரை மறைத்தவர், பிறந்த வருடத்தை மட்டும் விட்டுவைத்தார். இல்லாவிட்டால் பாஸ்வேர்டு அவருக்கே மறந்துவிடும். முகத்துக்குப் பதிலாக ஃபோர்ட் கொச்சியின் சீன வலை, பின்னால் அஸ்தமனச் சூரியன். இதே படத்தை வைத்திருக்கும் 'கொச்சிக்காரன்'கள் பலர் இருப்பதால், சில சமயம் சேட்டன் தன்னோடே சண்டை போடுவது போலத் தோன்றும். பெண்களின் பாதுகாப்பை முன்னிட்டு 2020 மே மாதம் ஃபேஸ்புக் இந்தியாவில் ஒரு ப்ரொஃபைல் பூட்டைக் கொண்டுவந்தது. அதை முதலில் மாட்டிக்கொண்டவர்களில் சேட்டனும் ஒருவர்.

அவருடைய கமெண்டுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. முதல் வரியில் 'நான் எந்தக் கட்சிக்காரனும் அல்ல.' இரண்டாவது வரியில் 'பக்ஷே', அதாவது 'ஆனால்'. மூன்றாவது வரியிலிருந்து, அன்று காலை ஒரு கட்சியின் மாவட்டச் செயலாளர் பேசியது அப்படியே, மூச்சு விடும் இடம் உட்பட. உதாரணத்துக்கு வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரலில் பிரதமர் தொடங்கிவைத்த இந்தப் படகுச் சேவை மட்டாஞ்சேரி முனையத்துக்கு வந்து சேர 2025 அக்டோபர் ஆயிற்று. தாமதத்துக்கு யார் காரணம், கடைசியில் வந்து சேர்ந்ததற்கு யார் காரணம் என்ற இரண்டு கேள்விக்கும் சேட்டனிடம் பதில் தயார். முதலாவதற்கு ஒரு கட்சி, இரண்டாவதற்கு வேறொரு கட்சி. பாலமானாலும் குப்பையானாலும் கொசுவானாலும் இந்த இரண்டும் இடம் மாறியதே கிடையாது.

எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? கேரளத்து இணையத்தில் 'கம்மி', 'கொங்கி', 'சங்கி', 'சுடாப்பி' என்று நான்கைந்து முத்திரைகள் தயாராக இருக்கின்றன. தமிழ்நாட்டில் 'உபி', 'சங்கி', 'தும்பி' என்று குத்துவது போலத்தான். சேட்டனுக்கு எந்த முத்திரை விழும் என்று பந்தயம் கட்ட ஆளே கிடைக்காது, அவ்வளவு நிச்சயமான விஷயம் அது. விழுந்ததும் அவர் மனம் நொந்து எழுதுவார்: 'கட்சியில்லாத ஒரு சாதாரணக் குடிமகன் இந்த நாட்டில் வாய் திறக்க முடியவில்லை.' அதற்கு லைக் போடுகிறவர்கள் அத்தனை பேரும் ஒரே கட்சிக்காரர்கள்.

சேட்டனைக் கேலி செய்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அவர் பயத்தில் நியாயமும் இருக்கிறது. அவரிடம் சரக்கு வாங்குகிறவர் காங்கிரஸ், விற்கிறவர் லீக், ஏற்றி இறக்குகிறவர் சி.ஐ.டி.யூ., வாடகை வாங்குகிற கட்டட உரிமையாளர் பா.ஜ.க. இதில் யாரோடு முறைத்துக்கொண்டாலும் அன்றைக்குக் கமிஷன் போச்சு. சொந்தப் பெயரில் பேசினால் என்ன ஆகும் என்பதற்குப் புதுச்சேரி உதாரணத்தை அவர் அடிக்கடி எடுத்து விடுவார். 2012 அக்டோபரில் அங்கே ஒரு சிறுதொழிலதிபர், அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் மொத்தம் 16 பேர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் வழக்குப் போட்டு, விடியற்காலையில் போலீஸ் வீட்டுக்கே வந்து கைது செய்தது. "பதினாறு பேருக்கே இந்தக் கதி. என் கணக்கில் நானூறு பேர்" என்பார் சேட்டன், பயம் பாதி, பெருமை பாதியாக.

அந்த 66ஏவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. கூடவே கேரளப் போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவும் போயிற்று. விட்ட இடத்தை நிரப்புவது போல 2020 நவம்பரில் கேரள அரசு 118ஏ என்று ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அவதூறான பதிவுக்கு மூன்று வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டே நாளில், அதை அமல்படுத்தப் போவதில்லை என்று முதல்வர் அறிவித்துவிட்டார். அந்த இரண்டு நாளும் 'கொச்சிக்காரன் 1968' பக்கத்தில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் மட்டுமே வந்தன.

'எல்லோரும் சொந்தப் பெயரில் எழுதட்டும்' என்று யாராவது சொன்னால் சேட்டன் தென் கொரியாவுக்குப் போய்விடுவார். அங்கே 2007இல் பெரிய இணையதளங்களில் எழுதுகிறவர்கள் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. 2011 ஜூலையில் ஒரு பெரிய இணைய நிறுவனத்திலிருந்து சுமார் மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. மறு வருடம் ஆகஸ்டில் அந்த நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தையே தூக்கி எறிந்தது. இதெல்லாம் உண்மை. சேட்டன் தேதி தவறாமல் சொல்வார். பேரனின் பிறந்தநாள்தான் அவருக்கு ஃபேஸ்புக் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒளிந்துகொள்ளும் கலை அவருக்கு ஒருநாளும் கைவந்ததில்லை. குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் முதல் விதியே 'அரசியல் வேண்டாம்'. உறுப்பினர் போடும் பதிவுக்கு அட்மின் பொறுப்பாளி ஆக மாட்டார் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்ன பிறகு, அட்மினாக இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிக்கு ரத்த அழுத்தம் குறைந்தது. சேட்டனுக்குத் துணிச்சல் கூடியது. ஓர் இரவு பதினொன்றரை மணிக்கு, வேறு குழுவுக்குப் போக வேண்டிய போஸ்டர் தண்ணீர் லாரிச் செய்திக்கும் தொலைந்துபோன பூனைக்கும் நடுவில் வந்து விழுந்தது. நான்கு நொடியில் நீக்கிவிட்டார். போஸ்டரை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரியை விடிவதற்குள் அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள்.

"என்ன சேட்டா போட்டீங்க?"

"ஒண்ணுமில்ல, பேரன் ஃபோனை எடுத்து விளையாடிட்டான்."

பேரனுக்கு வயது மூன்று. இரவு பதினொன்றரைக்கு அவன் கட்சிப் போஸ்டரோடு என்ன விளையாடிக்கொண்டிருந்தான் என்று யாரும் கேட்கவில்லை. மட்டாஞ்சேரியில் மரியாதைக்குக் குறைவில்லை.

அதைவிடப் பெரிய விபத்து ஃபேஸ்புக் குழுவில் நடந்தது. பெயரை மறைத்து எழுதும் வசதி சில குழுக்களில் உண்டு. மற்ற உறுப்பினர்களுக்குப் பெயர் தெரியாது, 'அனானிமஸ்' என்றுதான் வரும். குழுவை நடத்துகிற அட்மினுக்கு மட்டும் தெரியும். மாநகராட்சியின் வரிப் பாக்கி பற்றிச் சேட்டன் அங்கே மூன்று பத்திக்கு அனல் கக்கினார். 'கட்சியற்ற ஒரு மனசாட்சி' என்று கையெழுத்தும் போட்டார். சாயங்காலம் மனைவியின் தம்பியிடமிருந்து ஃபோன்.

"அளியா, ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வர்றீங்கல்ல?"

"வர்றேன்டா."

"அப்புறம், அந்த மனசாட்சியில 'ரெவின்யூ' ஸ்பெல்லிங் தப்பா இருக்கு. திருத்திடுங்க, நான் அப்ரூவ் பண்றேன்."

அட்மின் அளியன் என்பது அதுவரை அவருக்குத் தெரியாது. அளியனோ எதிர்க்கட்சி. அந்த ஞாயிற்றுக்கிழமை கரிமீன் பொள்ளிச்சதைச் சேட்டன் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

மதிலில் ஒட்டுகிற தேர்தல் போஸ்டருக்கே சட்டம் முகவரி கேட்கிறது. 1951ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவுப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேட்பாளர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2013இலேயே சொல்லிவிட்டது. வேட்பாளருக்காக இரவு பகலாக உழைக்கும் 'கட்சியற்ற'வர்களைத்தான் எந்தப் படிவத்திலும் காட்ட வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 1 அன்று ஃபேஸ்புக் தானாகவே களையெடுத்தபோது, காங்கிரஸின் ஐ.டி. பிரிவோடு தொடர்புள்ளவர்கள் நடத்திய 687 பக்கங்களும் கணக்குகளும் போயின. பா.ஜ.க. ஆதரவுப் பதிவுகளைப் போட்டுவந்த ஒரு நிறுவனத்தோடு தொடர்புடைய 15ம் போயின. அன்று முட்டாள்கள் தினம் என்பதால் சேட்டன் நம்பவில்லை.

இடதுசாரிகளுக்கும் ஒரு முகமூடிப் பிரபலம் உண்டு: 'போராளி ஷாஜி' என்ற ஃபேஸ்புக் பக்கம். 2024 மக்களவைத் தேர்தலில் 20 இடங்களில் ஒன்றே ஒன்றுதான் இடது முன்னணிக்குக் கிடைத்தது. அப்போது மார்க்சிஸ்ட் கட்சியின் கண்ணூர் மாவட்டச் செயலாளர் எம்.வி.ஜெயராஜன் இந்த மாதிரிப் பக்கங்களைப் பெயர் சொல்லியே சாடினார். அதே தேர்தலில் வடகரையில் விளையாட்டு விபரீதமாகவும் ஆயிற்று. இடது வேட்பாளர் கே.கே.ஷைலஜாவை 'காஃபிர்' என்று சொல்லும் ஒரு போலி ஸ்க்ரீன்ஷாட், லீக் மாணவர் அமைப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவரின் பெயரில் சுற்றியது. அந்த இளைஞரே நீதிமன்றம் போனார். அது இடது ஆதரவு வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகப் பரவியதாக ஆகஸ்டில் போலீஸ் உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. தன் முகத்தை மறைப்பது ஒன்று, அடுத்தவன் முகத்தை எடுத்து மாட்டிக்கொள்வது வேறொன்று. சேட்டன் இந்த இரண்டாவதைச் செய்ததில்லை. வந்ததை ஃபார்வர்டு செய்தாரா என்று கேட்டால் பேச்சை ஏலக்காய் விலைக்கு மாற்றிவிடுவார்.

ஷாஜிக்கும் சேட்டனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஷாஜி யார் என்று ஊருக்குத் தெரியாது, எந்தப் பக்கம் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். சேட்டன் யார் என்று ஊருக்கே தெரியும், எந்தப் பக்கம் என்பதை மட்டும் அவர் வாயிலிருந்து வாங்க முடியாது. ஷாஜியோடு மல்லுக்கு நிற்கலாம். சேட்டனோடு அதற்கும் வழியில்லை. எதிர்வாதம் வைத்தால், "ஞான் அந்தப் பார்ட்டியே அல்லல்லோ" என்று நழுவிவிடுவார்.

இத்தனைக்கும் பக்கம் சேர்வதை ஒளிக்காத மண் இது. 1653 ஜனவரி 3 அன்று, போர்ச்சுக்கீசிய இயேசு சபையினருக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று மார்த்தோமா கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்தது மட்டாஞ்சேரியில்தான். சிலுவையை எல்லோராலும் தொட முடியாததால் அதில் கயிறுகளைக் கட்டி, கூட்டம் முழுக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சொல்வார்கள். முந்நூறு வருடம் கழித்து, கூலியாட்கள் மத்தியில் உலோக டோக்கனை வீசியெறிந்து, பொறுக்கியவனுக்கு மட்டும் வேலை என்று நடந்த 'சாப்பா' முறையை எதிர்த்துத் துறைமுகத் தொழிலாளர்கள் போராடினார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரை விட்டார்கள். அந்தக் கூட்டத்தில் தன் அப்பாவும் நின்றார் என்று டீக்கடையில் சொல்லும்போது சேட்டனின் குரல் கனத்துவிடும். எந்த யூனியன் என்று கேட்டால், "அன்னைக்கு எல்லாரும் ஒண்ணு" என்று டீயை ஒரே மடக்கில் முடித்துவிடுவார்.

2025 டிசம்பரில் மாநகராட்சித் தேர்தல் முடிந்ததும் சேட்டனுக்கு ஒரு யோசனை வந்தது. கட்சி சாராதவர்களுக்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு. தெருவுக்கு ஒருவராக இருந்த நடுநிலையாளர்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் சேர்ந்துவிட்டார்கள். குழுவுக்கு முகப்புப் படம் வைப்பதில்தான் தகராறு. சிவப்பு ரோஜா கூடாது என்றார் ஒருவர். பச்சைத் தென்னை கூடாது என்றார் இன்னொருவர். சீன வலைக்குப் பின்னால் வானம் காவியாக இருக்கிறது என்று அதுவும் அடிபட்டது. வெள்ளைப் புறா கதரை ஞாபகப்படுத்துகிறதாம். கறுப்பு வைத்தால் மந்திரிக்குக் கறுப்புக்கொடி காட்டுகிற மாதிரி இருக்குமாம். கடைசியில் எந்தப் படமும் வைக்காமல் விட்டுவிட்டார்கள். யார் அட்மின் என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆளுங்கட்சி சார்பில் ஒருவர், எதிர்க்கட்சி சார்பில் இருவர் என்று ஒரு சமரசத் திட்டம் பரிசீலனையில் இருக்கிறது.