ஆயிரம் பொய் சொல்லி ஒரு கேம்

பழைய கம்ப்யூட்டர் கேம்களைப் புதிய விண்டோஸில் ஓட வைப்பது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்கள் தனிக்கட்டாகச் சேர்ந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே. புனைபெயர்களுக்கு நான் பொறுப்பல்ல.

முன்னாள் இளவரசர், கும்பகோணம்

கே: 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' ஃபைலைத் தேடிப் பிடித்து கிளிக் செய்தேன். 'இந்த ஆப் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது' என்று விண்டோஸ் 11 கையை விரிக்கிறது. அன்றைய டப்பா கம்ப்யூட்டரில் ஓடியது, 60,000 ரூபாய் லேப்டாப்பில் ஓடாதா?

ப: ஓடாது. இதில் விலைக்கு வேலை இல்லை. ஜோர்டான் மெக்னர் அதை 1989-இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதினார். நீங்கள் ஆடியது மறுவருடம் வந்த டாஸ் பதிப்பு, 16-பிட் புரோகிராம். 32-பிட் விண்டோஸ் இருந்தவரை, பிராசசருக்குள்ளேயே இருந்த ஒரு வசதியை வைத்து டாஸ் புரோகிராம்களுக்கு ஓரமாக இடம் ஒதுக்கித் தந்தது. பிராசசர் 64-பிட் முறையில் ஓடும்போது அந்த வசதி கிடையாது. அதை நம்பியிருந்த பகுதியை 64-பிட் விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் சேர்க்கவும் இல்லை. விண்டோஸ் 11 வருவதே 64-பிட்டில் மட்டும்தான்.

மருந்து, டாஸ்பாக்ஸ். 2002 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அது செய்வதெல்லாம் பொய் சொல்வதுதான். 'பயப்படாதே, இது பழைய கம்ப்யூட்டர்தான். இதோ விஜிஏ திரை, இதோ சவுண்ட் பிளாஸ்டர் கார்டு' என்று கேமின் காதில் ஓதிக்கொண்டே இருக்கும். கேமும் நம்பி ஓடும். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணத்தை முடிக்கிற தரகரின் வேலை. கேமின் எல்லா ஃபைல்களையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, 'பிரின்ஸ்' என்ற இஎக்ஸ்இ ஃபைலை இழுத்து டாஸ்பாக்ஸ் ஐகான் மேல் போடுங்கள். முழுத்திரைக்கு ஆல்ட்டும் என்டரும். மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் கன்ட்ரோலும் எஃப்10-உம். இளவரசியை மீட்க அன்று கொடுத்த அதே ஒரு மணி நேரம்தான் இன்றும்.

அவசரக்காரன், நெய்வேலி

கே: டாஸ்பாக்ஸ் போட்டேன், கேம் ஓடுகிறது. ஓடுகிறது என்றால், தலைதெறிக்க ஓடுகிறது. நான் கீயைத் தொடுவதற்குள் மூன்று உயிரும் காலி.

ப: 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். உலகம் முடியும்வரை அதே வேகம்தான் என்று நம்பி, அப்போது சிலர் கடிகாரம் பார்க்காமலே கேம் எழுதினார்கள். பிராசசர் எவ்வளவு வேகமோ, எதிரியும் அவ்வளவு வேகம். பழைய கேபினெட்டுகளில் 'டர்போ' என்று ஒரு பட்டன் இருந்தது ஞாபகமா? பெயர்தான் டர்போ, அது நிஜமாகப் பயன்பட்டது, இந்த மாதிரி கேம்களுக்காக வேகத்தைக் குறைப்பதற்கு. டாஸ்பாக்ஸில் கன்ட்ரோலும் எஃப்11-உம் வேகத்தைக் குறைக்கும். கன்ட்ரோலும் எஃப்12-உம் கூட்டும். லேப்டாப்பில் கூடவே எஃப்என் கீயையும் அழுத்த வேண்டியிருக்கலாம்.

ஓடாமலே 'ரன்டைம் எரர் 200' என்று கவிழ்கிற கேம்களும் இதே சாதி. டர்போ பாஸ்கலில் எழுதியவை. தொடங்கும்போதே பிராசசரின் வேகத்தை அளந்து பார்க்கும். வேகமான பிராசசரில் அந்தக் கணக்கு வகுத்தலில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அதற்கும் வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

பந்து எங்கே, சேலம்

கே: எக்ஸ்பியில் இருந்த பின்பால் கேமை ஏன் எடுத்தார்கள்? ஆபீசில் வேலை நடக்கட்டும் என்றா?

ப: அவ்வளவு நல்ல எண்ணம் மைக்ரோசாஃப்ட்டுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அங்கே பல்லாண்டு பொறியாளராக இருக்கும் ரேமண்ட் சென் இந்தக் கதையை எழுதியிருக்கிறார். 64-பிட் விண்டோஸுக்காகப் பின்பாலைத் திரும்பத் தயாரித்தபோது, பந்து எதன்மேலும் மோதாமல் எல்லாவற்றையும் ஊடுருவிப் போனது. ஆட்டம் தொடங்கியதும் பந்து மெதுவாகக் கீழே இறங்கி, அதை உந்த வேண்டிய ஸ்பிரிங்கையும் துளைத்துக்கொண்டு வெளியேறிவிடும். கேமின் புரோகிராம் கோடு வெளிக் கம்பெனி எழுதியது. அதில் விளக்கக் குறிப்புகள் இல்லாததுபோலத்தான். எங்கே பிழை என்று பிடிபடவில்லை. கேமையே கழற்றிவிட்டார்கள்.

அதே சென் அதற்கு முன் இன்னொரு வைத்தியமும் பார்த்தவர். பின்பால் பிராசசர் முழுவதையும் விழுங்கிக்கொண்டிருந்தது. எத்தனை முறை முடியுமோ அத்தனை முறை திரையை வரைந்து தள்ளும் வேலை. நொடிக்கு 100 முறைக்கு மேல் வரையாதே என்று ஒரு வரம்பு போட்டார், பிராசசர் மூச்சுவிட்டது. இப்போது ரசிகர்கள் அந்த கேமைப் பிரித்து ஆராய்ந்து, கோடைத் திரும்ப எழுதிவிட்டார்கள். புதிய விண்டோஸில் பந்து ஒழுங்காக மோதுகிறது. ஆபீஸ் வேலை உங்கள் பொறுப்பு.

ஊதாப் புல், நாகர்கோவில்

கே: வீட்டில் இன்னும் விண்டோஸ் 7 இருக்கிறது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' போட்டால் புல் ஊதா நிறத்தில், தண்ணீர் சிவப்பாக. திரை போய்விட்டதா?

ப: திரை நன்றாகத்தான் இருக்கிறது. 1999-இல் வந்த அந்த கேமுக்கு மொத்தம் 256 நிறம்தான். ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பது நிறமல்ல, ஓர் எண். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதைத் தனியாக ஓர் அட்டவணை சொல்லும். அந்த அட்டவணை திரை முழுவதற்கும் பொது. கேம் ஓடும்போது டெஸ்க்டாப்பைக் கவனிக்கும் எக்ஸ்ப்ளோரர் அதில் கை வைக்கிறது. எண் அதே, நிறம் வேறு. அதனால்தான் படத்தின் உருவம் கெடாமல் நிறம் மட்டும் கெடுகிறது.

விண்டோஸ் 7 காலத்து நாட்டு வைத்தியம்: டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்ப்ளோரரை முடித்துவிட்டு கேமைத் தொடங்குவது. டெஸ்க்டாப் மறைந்துவிடும், பதறாதீர்கள். ஆடி முடித்ததும் டாஸ்க் மேனேஜரிலிருந்தே திரும்ப வரவழைக்கலாம். அதைவிடச் சாத்விகமான வழி, சிஎன்சி-டிடிரா என்ற இலவசக் கருவி. கேம் விண்டோஸிடம் 'படம் வரை' என்று கேட்பதை நடுவில் நின்று தானே வாங்கி, இன்றைய கார்டுக்குப் புரிகிற மாதிரி வரைந்து தரும்.

டாமி ரசிகன், வேலூர்

கே: 'வைஸ் சிட்டி'யில் மவுஸ் வேலை செய்யவில்லை. காரும் வினோதமாக நடந்துகொள்கிறது. இன்னொன்று, தண்ணீரில் விழுந்தால் டாமி இறந்துவிடுகிறார். மூன்றுக்கும் விண்டோஸ் 10 தான் காரணமா?

ப: முதலாவதற்கு, டாக்குமென்ட்ஸில் அந்த கேமின் பெயருள்ள ஃபோல்டருக்குப் போய் 'செட்' என்று முடியும் செட்டிங்ஸ் ஃபைலை அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். பலருக்கு மவுஸ் உயிர்பெறும். இரண்டாவதற்கு, கேமுக்குள் 'ஃபிரேம் லிமிட்டர்' என்ற வசதியை அணைத்து வைத்திருப்பீர்கள், அணைக்காதீர்கள். நொடிக்குச் சுமார் 30 படம் என்ற கணக்கில்தான் கார் ஓட்டத்தின் இயற்பியலையே அமைத்திருக்கிறார்கள். மிச்சக் கோளாறுகளுக்கு 'சைலன்ட்பேட்ச்' என்ற ரசிகர் திருத்தம் இருக்கிறது. மூன்றாவதில் விண்டோஸ் நிரபராதி. டாமிக்கு 2002 முதலே நீச்சல் தெரியாது.

நேர்மையாளன், ஈரோடு

கே: காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் சிடி. டிரைவில் போட்டால் 'ஒரிஜினல் சிடியைப் போடவும்' என்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் திருட்டு நகல் ஜம்மென்று ஓடுகிறது. இதுதான் நீதியா?

ப: நீதி இல்லை, 'சேஃப்டிஸ்க்'. சிடி அசலா நகலா என்று பார்க்க அந்தப் பூட்டு விண்டோஸின் அடிமடியில் ஒரு டிரைவரை வைத்திருந்தது. அந்த இடத்தில் ஓட்டை இருந்தால் வைரஸுக்கும் ராஜமரியாதை. 2015-இல் விண்டோஸ் 10 அந்த டிரைவரை ஓட்ட மறுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட் பழைய விண்டோஸ்களிலும் அதை முடக்கியது. ஆகவே சாவி வைத்திருப்பவர் வெளியே. பூட்டை உடைத்தவர் உள்ளே.

வழி இருக்கிறது. சில கம்பெனிகளே கடைசி அப்டேட்டில் சிடி சோதனையை நீக்கிவிட்டன; உங்கள் கேமுக்கு அப்படி ஒன்று வந்ததா பாருங்கள். இல்லையென்றால் பூட்டில்லாத பதிப்பை மலிவாகத் திரும்ப வாங்கலாம். 'கிராக்' தேடிப் போகாதீர்கள். கேமோடு கூட வருகிறவர்கள் யாரென்று சொல்ல முடியாது.

சந்தேகி, தஞ்சாவூர்

கே: பிராப்பர்ட்டீஸில் 'கம்பாட்டிபிலிட்டி' என்று ஒரு டேப் இருக்கிறதே, அது நிஜமாக ஏதாவது செய்கிறதா, இல்லை மன ஆறுதலுக்கா?

ப: செய்கிறது. 'நீ விண்டோஸ் 95-ஆ?' என்று கேம் கேட்டால் விண்டோஸ் கூசாமல் 'ஆமாம்' என்று சொல்ல வைக்கும். இந்தப் பழக்கம் மைக்ரோசாஃப்ட்டுக்குப் பழையது. பழைய 'சிம்சிட்டி'யில் ஒரு பிழை: திருப்பிக் கொடுத்துவிட்ட மெமரியையே உடனே எடுத்துப் படிக்கும். முதலில் அது மாட்டவில்லை. விண்டோஸ் 95-இல் மாட்டியது. கேமைத் திருத்தச் சொல்லாமல், சிம்சிட்டி ஓடுகிறதா என்று விண்டோஸே பார்த்து, ஓடினால் மெமரியை உடனே திரும்ப எடுத்துக்கொள்ளாமல் விட்டுவைத்தார்கள் என்பது மென்பொருள் உலகில் புகழ்பெற்ற கதை.

டேபைத் தொடும்போது இன்னொன்றும் செய்யுங்கள்: பழைய கேமை 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரில் நிறுவாதீர்கள். விஸ்டாவிலிருந்து அங்கே எழுதக் கேம்களுக்கு அனுமதி இல்லை. சேவ் செய்தது வேறெங்கோ ஒதுங்கும், அல்லது சேவே ஆகாது. சி டிரைவில் 'கேம்ஸ்' என்று தனி ஃபோல்டர் போதும்.

பழைய கார்டு, கொழும்பு

கே: என் கேம் 'கிளைடு' வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. எங்கே வாங்கலாம்?

ப: வாங்க முடியாது. அது 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியின் வூடூ கார்டுகளுக்கான மொழி. கம்பெனி 2000-இன் இறுதியில் தன் சொத்துகளை என்விடியாவுக்கு விற்றுவிட்டுக் கடையைக் கட்டியது. 'டிஜிவூடூ 2' என்ற இலவசக் கருவியின் டிஎல்எல் ஃபைலைக் கேம் ஃபோல்டரில் போடுங்கள். இல்லாத வூடூ கார்டின் பெயரில் அது பதில் சொல்லும்.

பென்குயின், கோவை

கே: பழைய விண்டோஸ் கேம்கள் விண்டோஸைவிட லினக்ஸில் நன்றாக ஓடும் என்கிறான் நண்பன். உளறுகிறானா?

ப: இல்லை. விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டும் 'வைன்' 1993-இல் தொடங்கியது; அதன்மேல் கட்டிய 'புரோட்டான்' 2018-இல் வந்தது. பழைய விண்டோஸ் எப்படி நடந்துகொண்டது என்பதை விண்டோஸ் மறக்க விரும்புகிறது. வைன் எழுதுகிறவர்கள் மறக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். எல்லா கேமுக்கும் இது பொருந்தாது. நண்பனையும் எல்லாவற்றிலும் நம்ப வேண்டாம்.

நீதிமான், மதுரை

கே: இவ்வளவு பழைய கேம்களை யாரும் விற்பதில்லை. இலவசமாக இறக்கிக்கொள்வது குற்றமா?

ப: 'கைவிடப்பட்ட கேம்' என்ற பிரிவு சட்டத்தில் இல்லை. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் என்பது இலக்கியப் படைப்பு. 'ரோட் ராஷி'ல் பைக்கில் போகிறவரைச் சங்கிலியால் அடிப்பதும் சட்டத்தின் கண்ணுக்கு இலக்கியமே. உரிமை எழுதியவரின் ஆயுள் முழுக்க, அதற்குமேல் 60 ஆண்டுகள். மெக்னர் 1964-இல் பிறந்தவர், இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார். காத்திருப்பது வீண்.

ஆனால் உங்கள் ஆதங்கம் நியாயம். 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று அங்கே விற்பனையில் இல்லை என்று 2023-இல் வந்த ஆய்வு சொல்கிறது. தேடினால் மீதிக்கு நேர்வழி உண்டு. போலந்தில் 2008-இல் தொடங்கிய 'ஜிஓஜி' பழைய கேம்களைப் பூட்டில்லாமல் விற்கிறது. டாஸ் கேம் என்றால் பெரும்பாலும் டாஸ்பாக்ஸையும் சேர்த்தே கட்டித் தருகிறது. 1993-இல் வந்த 'டூம்' கேமின் கோடை 1997-இல் அதை எழுதியவர்களே வெளியிட்டார்கள். அது ஓடாத கருவியைத்தான் தேட வேண்டும். தொலைந்துபோனதாக மெக்னர் நினைத்திருந்த 'பிரின்ஸ்' மூலக்கோடு 2012-இல் அவருடைய அப்பா கண்டெடுத்த ஒரு பெட்டியில் ஃபிளாப்பிகளாகக் கிடைத்தது. அதை எல்லாரும் படிக்கும்படி பொதுவில் வைத்துவிட்டார்.

தொலைநோக்கு, சிங்கப்பூர்

கே: என் மகன் இன்று ஆடும் கேம்களை 2050-இல் ஓட வைக்க முடியுமா?

ப: பழைய கேம் தான் இருக்கும் கம்ப்யூட்டரிடம் மட்டும் கேள்வி கேட்டது, என்ன பதில் சொன்னாலும் நம்பியது. அதனால்தான் நம் பொய்கள் எடுபட்டன. இன்றைய கேம்களில் பல, கம்பெனியின் சர்வரிடம் கேட்கின்றன. யூபிசாஃப்ட்டின் 'தி க்ரூ' 2014-இல் வந்த கார் பந்தயம். தனியாக ஆடுவதற்கும் சர்வர் வேண்டும். 2024 மார்ச் 31-இல் சர்வரை மூடினார்கள். காசு கொடுத்தவர்கள் வீட்டிலும் கேம் நின்றது. 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் கிளம்பியது அதற்குப் பிறகுதான்.

சர்வருக்கும் போலி எழுதுகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனால் சர்வர் என்ன பதில் சொன்னது என்பதை, அது உயிரோடு இருக்கும்போதே யாராவது குறித்து வைத்திருக்க வேண்டும். மகனிடம் சொல்லுங்கள்: கேம் வாங்கிய அன்றே நெட்டை அணைத்துவிட்டுத் திறந்து பார். திறந்தால், 2050-இல் அதற்காகப் பொய் சொல்ல யாராவது கிடைப்பார்கள். திறக்காவிட்டால் நீ கொடுத்தது வாடகை. அட்வான்ஸ்கூடத் திரும்பி வராது.