குறைவாகச் செலவழித்த குற்றத்துக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

அனுப்புநர்: சொந்த மொட்டை மாடி உள்ள ஒரு வீட்டுக்காரன்.
பெறுநர்: உயர்திரு மின்வாரியம் அவர்கள்.
பொருள்: மின்சாரத்தைக் குறைவாகச் செலவழித்தமைக்கு மன்னிப்புக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

கரண்டைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்லி நீங்கள் செய்த விளம்பரங்களை எல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் இத்தனை வருடம் விசுவாசமாகத்தான் இருந்தேன். திடீரென்று புத்தி கெட்டு, நாலு பழைய ஃபேனையும் கழற்றிவிட்டு பிஎல்டிசி ஃபேன் மாட்டினேன். பழையது 75 வாட் இழுத்தது. புதியது 30 வாட்டிலேயே சுற்றுகிறது. தினம் பன்னிரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 130 யூனிட் மிச்சம்.

உங்களுக்கு நேர்ந்த நஷ்டத்தை நானே கணக்குப் போட்டேன். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, பழைய 560 யூனிட்டுக்கு 2,430 ரூபாய். புதிய 430 யூனிட்டுக்கு 1,305 ரூபாய்தான். யூனிட்டில் கால்வாசிகூடக் குறையவில்லை, பில்லில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. 500-ஐத் தாண்டாததுதான் காரணம். தாண்டினால், 2.25 ரூபாய்க்குக் கொடுத்த இரண்டாவது நூறு யூனிட்டையும் திரும்பிப் பார்த்து 4.50 ஆக்கிவிடுவீர்கள். ஆக, அப்போது 501-வது யூனிட் ஒன்றின் விலை மட்டும் 233 ரூபாய். முகூர்த்த நாள் மல்லிகைகூட இப்படி ஏறாது. பிறகு விலைகள் கூடின, படிக்கட்டு அதேதான்.

உங்கள் சங்கடமும் தெரிகிறது. முதல் நூறு யூனிட் இலவசம், பம்புசெட் இலவசம். அரசு மானியம் தருகிறது. அதற்கு மேல் பாரத்தைச் சுமப்பது ஆலைக்காரரும் கடைக்காரரும் மேல்படியில் நிற்கும் என் போன்றவர்களும்தான். அந்தப் படியிலிருந்து ஒருவன் இறங்கினால் உங்களுக்கு வலிக்கும்தானே?

ஃபேனோடு நின்றேனா? 2024-இல் ஒன்றிய அரசு சூர்யா கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் மாடியில் சோலாரும் போட்டுவிட்டேன். வடாம் காய்ந்த இடத்தில் இப்போது நல்ல வெயில் நாளில் பன்னிரண்டு யூனிட் போலக் காய்கிறது. நெய்வேலியில் கிளம்பி, கம்பியில் சூடாகிக் கொஞ்சம் தொலைந்து வரவேண்டிய கரண்ட், மாடிப்படி இறங்கி வந்துவிடுகிறது. மிச்சம் பக்கத்து வீட்டு கிரைண்டருக்குப் போகிறது. உங்களைக் கேட்காமல்தான்.

ஆனாலும் கைவிடாதீர்கள், எங்கள் குடுமி உங்கள் கையில்தான். உச்சி வெயில் கொளுத்தும்போது நீங்கள் லைனை நிறுத்தினால் பேட்டரி இல்லாத என் சோலாரும் மறுகணமே படுத்துவிடுகிறது. கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குப் புகார் இல்லை. சூரியன் இருந்தும் ஃபேன் சுற்றாமல் வியர்ப்பதுதான் கொஞ்சம் வேடிக்கை.

இன்னொரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். பகலெல்லாம் தற்சார்பு பேசிவிட்டு, பொழுது சாய்ந்ததும் உங்களிடம்தான் வருகிறேன். ஊரே விளக்குப் போடும் நேரத்தில், ஊரோடு சேர்ந்து. நீங்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே ஐயா, மாடிக்காரர்களைத் தப்பி ஓடிய வாடிக்கையாளர்களாகப் பார்க்காமல் குட்டி உற்பத்தியாளர்களாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். துணைமின் நிலையங்களில் பேட்டரி வையுங்கள். மதியம் நாங்கள் தருவதை நல்ல விலைக்கு வாங்கி, ராத்திரி எங்களிடமே விற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பழைய வாடிக்கையாளன், புதிய போட்டியாளன்.

இணைப்பு: வேலையிழந்த ஃபேன் ரெகுலேட்டர்கள் – 4.