வலிக்கு இடமாறுதல் உத்தரவு

எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே பிதுங்கிய டிஸ்க்கை வெட்டி எடுத்தாயிற்று. இடுப்பிலிருந்து கால் பெருவிரல் வரை மின்சாரம் பாய்ச்சிய பழைய வலி பணி ஓய்வு பெற்றுவிட்டது. காலியிடத்தை உடம்பு சும்மா விடுமா? ஒரே வாரத்தில் வலது இடுப்புக்கு ஒருவர், தோள்பட்டைக்கு ஒருவர், பெல்ட் அழுத்தும் விலாவுக்கு ஒருவர் என்று மூன்று பேர் பொறுப்பேற்றுக்கொண்டார்கள். எந்த அரசு அலுவலகத்தில் உண்டு இந்த வேகம்!

குனியாதே, தூக்காதே, திருகாதே என்பது டாக்டர் உத்தரவு. அருமையான உத்தரவு. தரையில் விழுந்த கைலியைப் பார்த்தபடி அரைமணி நேரம் தியானம் செய்யலாம். எழுந்திருக்க வேண்டுமா? மரக்கட்டை மாதிரி மொத்தமாக ஒருக்களித்து உருண்டு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்ற வேண்டும். அம்மிக் குழவியைக் கண்டிராத பேரனுக்கு இலவசச் செய்முறை விளக்கம்.

பார்க்க வருகிறவர்கள் ஆர்லிக்ஸோடு ஆளுக்கொரு வைத்தியமும் கொண்டுவருகிறார்கள். "கத்தி வைக்காதேன்னு அப்பவே சொன்னேன். உளுந்தங்களி போதும். என்னைப் பாரு, எழுபது வயசு!" என்றார் எதிர்வீட்டு மாமா. சொல்லிக்கொண்டே, விழுந்த மூக்குக் கண்ணாடியை எடுக்கக் குனிந்தார்.

நிமிரவில்லை.

இப்போது என் கட்டிலில் அவர் படுத்திருக்கிறார். இருப்பது ஒரே கட்டில். அடுத்து நலம் விசாரிக்க வருகிறவர்கள், ஆர்லிக்ஸ் வேண்டாம், பாய் கொண்டுவரவும்.