ஏழாம் நம்பர் மலைக்கு என்ன கொண்டு போவது?

லண்டனிலிருந்து மகள் குடும்பம் போன ஆகஸ்டில் வந்திறங்கியது. மறுநாள் காலை பேத்தி தன் முதுகுப்பையை முன்னறைப் பாயில் கவிழ்த்தாள். இரண்டு கைபேசி, ஒரு பவர் பேங்க், திசைகாட்டி, வண்ணப் பேனா நான்கு, சிவப்பு பஸ் தொங்கும் சாவிவளையம், கண்ணாடிக் குண்டு ஏழெட்டு, சொக்லேட், மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பா. "அம்மாயி, நாங்க பொட்டி தேடுற விளையாட்டு விளையாடப் போறோம். நீங்களும் வாங்க" என்றாள். அவளுக்குப் பத்து வயது. அதே வயதில் நானும் அக்கரப்பத்தனைத் தோட்டமொன்றில் மூட்டையோடு மலை ஏறித் தேடியிருக்கிறேன். என் மூட்டையில் இருந்தவை மூன்றே பொருள்.

அவள் சொன்ன விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது மறைத்து வைத்து, அந்த இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் வெளியிடுவார். மற்றவர்கள் ஜீபிஎஸ் பார்த்துத் தேடிப் போய், உள்ளே இருக்கும் சிறு கொப்பியில் பெயரெழுதிவிட்டு டப்பாவை அதே இடத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். இது தொடங்கிய நாள்கூடத் தெரியும். ஜீபிஎஸ் செய்மதிகளின் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே 2ஆம் திகதி நீக்கியது. அதுவரை 100 மீற்றர் வரை தவறிய கருவி, அன்றுமுதல் 20 மீற்றருக்குள் இடத்தைக் காட்டத் தொடங்கியது. மறுநாளே ஒரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் பீவர்கிரீக் அருகே காட்டுக்குள் ஒரு வாளியை வைத்தார். அதில் புத்தகம், வீடியோ, ஒரு கவண், ஒரு டின் அவரை எல்லாம் இருந்தன. உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்தால் அதற்கீடாக ஒன்றை வைக்க வேண்டும் என்ற வழக்கம் அப்போதே பிறந்தது. பேத்தியின் சிவப்பு பஸ்ஸும் கண்ணாடிக் குண்டுகளும் அதற்குத்தான்.

1974இல் எனக்கு வழி சொன்னது அப்பாயி. "ஏழாம் நம்பர் மலை. கீ ரோட்டுல போயி பீலிகிட்ட மேல ஏறு. மூணாவது கான். பெரிய கல்லுக்கு எடப்பக்கம் உங்கம்மா நெரை." இவ்வளவுதான் விலாசம். தோட்டத்துப் பிள்ளைக்கு இதற்கு மேல் துல்லியம் தேவைப்பட்டதில்லை. எங்கள் மலைகளின் நம்பர்கள் துரைமார் காலத்தில் போட்டவை. 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோதும், 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளிடம் போனபோதும் அந்த நம்பர்கள் மாறவில்லை. பிள்ளைக்காம்பராவில் தூங்கும் குழந்தையைத் தவிர மற்ற எல்லாருக்கும் அவை மனப்பாடம்.

அப்பாயி கட்டித் தந்த மூன்று பொருளைச் சொல்கிறேன். ஒரு கண்ணாடிப் போத்தலில் சாயத் தேத்தண்ணி. பழைய சேலைத் துண்டில் முடிந்த ஒரு ரொட்டி. காகிதத்தில் மடித்த உப்பு. சீனி இல்லை. 1973, 74 எங்கள் பக்கத்தில் பஞ்ச காலம். கூப்பன் மாவு சுருங்கி, தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்த வருஷங்கள் அவை. ரொட்டியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும், அவ்வளவு மெலிசு. போத்தலுக்குத் தக்கை கிடையாது. சுருட்டிய மஞ்சள் துணிதான் மூடி. கம்பளித் துண்டில் சுற்றிய போத்தலைச் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளச் சொல்வாள் அப்பாயி. தேத்தண்ணி ஆறாது, எனக்கும் குளிராது.

ஒருநாள் பீலியைத் தாண்டியதும் பனிமூட்டம் இறங்கிவிட்டது. அக்கரப்பத்தனையில் அது மேலிருந்து வருவதில்லை. பள்ளத்திலிருந்து புகைபோல எழும்பும். இரண்டு நிரைக்கு அப்பால் ஆள் தெரியாது. மூன்றாவது கானைக் கண்டுபிடித்தேன், பெரிய கல் மட்டும் தென்படவில்லை. கத்திக் கூப்பிட்டேன். நாலு பக்கமும் பெண்கள் குரல் கொடுத்தார்கள்; எது அம்மா என்று பிரித்தறிய முடியவில்லை. அப்போது 'டொக், டொக்' என்று ஒரு சத்தம். கொழுந்து எடுப்பவர்கள் செடியின் மட்டம் பார்க்கச் செடிமேல் போட்டு வைக்கும் மட்டக்கம்பால் அம்மா கல்லில் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போய் அவளுடைய படங்கைத் தொட்டேன்.

கல்லின் அடியில் ஒரு பொந்து உண்டு. அந்த நிரைகளில் நிற்கும் பெண்கள் எல்லாரும் போத்தல்களை அதற்குள்தான் வைப்பார்கள், வாயில் ஒரு பிடி பன்னத்தழை மூடியிருக்கும். மூடித் துணியின் நிறத்தை வைத்து எது யாருடையது என்று தெரிந்துகொள்வார்கள். மஞ்சள் அம்மாவுடையது. பாதி குடித்துவிட்டு, போத்தலைப் பொந்துக்குள் தள்ளிவிட்டு, ரொட்டியில் பாதியை என்னிடமே நீட்டுவாள். வீட்டில் தின்றுவிட்டேன் என்று பொய் சொல்ல எனக்கு அப்பாயி சொல்லித் தந்திருந்தாள். நான் சில நாள் சொன்னேன், சில நாள் சொல்லவில்லை.

பேத்தியிடம் இதைச் சொன்னதும் திட்டம் மாறியது. வேறெங்கோ யாரோ வைத்ததைத் தேடுவதைவிட, அந்தக் கல்லடியில் நாங்களே ஒன்றை வைப்பது என்று முடிவானது. மகள் தோட்ட நிர்வாகத்திடம் முறையாக அனுமதி கேட்டு வாங்கினாள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன்: நிலத்துக்குரியவரின் ஒப்புதல் இல்லாமல் டப்பா வைக்கக் கூடாது என்பது இந்த விளையாட்டின் அடிப்படை விதி. டப்பாவைப் புதைக்கவும் கூடாது, அதில் சாப்பாடு வைக்கவும் கூடாது. சொக்லேட்டை வெளியே எடுத்தோம். சொக்லேட் மணத்துக்கு இங்கே காட்டுப்பன்றி வந்துவிடும்.

முதல் நாள் பயணம் பாதியில் நின்றுபோனது. ஆகஸ்ட் என்றால் தென்மேற்குப் பருவமழை. நாங்கள் புறப்பட்டதே ஒன்பதரைக்கு. இந்த மலையில் நல்ல வெளிச்சம் விடிந்து சில மணி நேரந்தான். பீலிக்கிட்ட மழை பிடித்தது. அட்டைக்கென்று நான் கொண்டுபோன உப்பு காகிதத்தோடு கரைந்தது. பேரனின் காலுறைக்குள் ஐந்து அட்டை. ஆறு வயதுப் பிள்ளை, இரத்தத்தைப் பார்த்து விக்கி விக்கி அழுதான். பள்ளத்தில் கைபேசி காட்டிய இடம் அங்குமிங்கும் அலைந்தது. வண்ணப் பேனா ஈரக் கொப்பியில் பட்டதும் மை பரவி, எழுதிய பெயர் மூன்று நிறத்தில் கரைந்தது. திரும்பினோம்.

இரண்டாம் முறைக்கு நான்தான் பை கட்டினேன். பேனா வேண்டாம், பென்சில். ஈரத் தாளிலும் எழுதும், குளிரிலும் எழுதும். சீவ ஒரு பிளேடு. ஆளுக்கு ஒரு மாற்றுக் காலுறை, தனித்தனி உறையில். கைபேசி உள்சட்டைப் பையில் இருக்கட்டும், குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும். பிளாஸ்க்கில் தேத்தண்ணி, இந்த முறை சீனி போட்டது. ரொட்டியும் கட்டச்சம்பலும் எங்கள் கணக்குக்கு மேல் நாலைந்து. வழியில் நிரையில் நிற்பவர்களைத் தாண்டிக்கொண்டு போய் நாம் மட்டும் உட்கார்ந்து தின்ன முடியாது. 1990 என்ற சுவசெரிய அம்பியுலன்ஸ் நம்பரைப் பிள்ளைகள் இருவருக்கும் மனப்பாடம் செய்ய வைத்தேன். மண்சரிவு எச்சரிக்கை இருக்கிறதா என்று காலையிலேயே பார்த்தோம். இருந்திருந்தால் கிளம்பியிருக்க மாட்டோம்.

பைக்குள் அடங்காத ஒன்றும் உண்டு. மலைக்குள் காலெடுத்து வைக்குமுன் அங்கே வேலை செய்பவர்களிடம் விசாரிக்க வேண்டும், குளவிக்கூடு எந்த மரத்தில் என்று. நிழல் மரத்திலும் பாறை இடுக்கிலும் கூடு கட்டும் குளவி கொட்டி எங்கள் பெண்கள் செத்திருக்கிறார்கள். எந்தச் செய்மதியும் அதைக் காட்டாது.

அக்கரப்பத்தனையிலிருந்து டயகம வழியாக மேலே போனால் ஹோட்டன் சமவெளி. 1988முதல் அது தேசியப் பூங்கா, 2010முதல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியில் சேர்ந்தது. அங்கே எதையும் விட்டுவர முடியாது. வாசலிலேயே பையைத் திறந்து பொலித்தீனை வாங்கிக்கொள்வார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய லேபிளைக்கூட உரித்துவிடுவார்கள். சரியான காரியம். கிரிகல்பொத்த மலையடியில் ஊறும் ஆக்ரோயா எங்கள் ஊர் வழியாக இறங்கி, கொத்மலை ஓயாவாகி, மகாவலியில் சேர்ந்து திருகோணமலைக் கடல்வரை போகிறது. ஊற்றுக்கண்ணில் ஒருவன் வீசும் பையை எத்தனை ஊர் சுமக்க வேண்டும்?

இந்த முறை ஆறரைக்கே கிளம்பினோம். கல் இருந்தது. பொந்தும் இருந்தது, நான் நினைத்ததைவிடத் தாழ்வாக. குனிந்து கைவிட்டுப் பார்த்தேன்; உள்ளே மூன்று பிளாஸ்டிக் போத்தல்கள், ஒன்றின் கழுத்தில் பச்சைத் துணி கட்டியிருந்தது. மூடி இருக்கும் போத்தலுக்கும் அடையாளத்துக்குத் துணி. அவற்றுக்கு இடைஞ்சல் இல்லாமல் டப்பாவை ஓரமாக வைத்தோம். பேத்தி மூன்று தரம் அளவெடுத்துச் சராசரி பார்த்தாள். கலையின் மூன்றாம் தசமத்தில் ஒன்று பிசகினால் நிலத்தில் ஏறத்தாழ 2 மீற்றர் தள்ளிப்போகும் என்று எனக்கு விளக்கினாள். பிறகு கல்லின்மேல் ஒரு குச்சியால் தட்டிப் பார்த்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

நிரையிலிருந்த பெண்கள் ரொட்டி சாப்பிட வந்தார்கள். டப்பாவைப் பார்த்துச் சிரித்து, என்ன ஏதென்று விசாரித்தார்கள்.

மகள் குடும்பம் லண்டன் திரும்பி இரண்டு மாதமிருக்கும். ஐப்பசி அடைமழை நேரம். ஹோல்புரூக் கடைவீதியில் அந்த நிரைப் பெண்களில் ஒருத்தி என்னை நிறுத்தினாள்.

"டீச்சர், ஒங்க பொட்டிய மேல் இடுக்குக்கு ஏத்தி வச்சிருக்கேன். வச்ச எடத்துல அடமழைக்குத் தண்ணி ஓடும். பேத்திகிட்ட சொல்லிருங்க."

மறுவாரம் நானே போய்ப் பார்த்தேன். ஓர் ஆள் உயரத்தில், காய்ந்த இடத்தில் இருந்தது டப்பா. கண்ணாடிக் குண்டுகளில் ஒன்று குறைந்திருந்தது. அது இருந்த இடத்தில், பத்திரிகைத் தாளில் சுற்றிப் பொலித்தீனில் கட்டிய பாதி சவர்க்காரக் கட்டி. அட்டைக்குக் காலில் பூச.